கம்பி மாட்டும் முன் பவர் சப்ளையைப் பாருங்கள்

கேள்வி: மகன் காட்பாடியில் இன்ஜினீயரிங் படிக்கிறான். நன்றாகக் கீபோர்டு வாசிப்பான். இப்போது மாடுலர் சிந்தசைஸர் வேண்டும் என்கிறான். படத்தைப் பார்த்தால் கட்டையே இல்லை, குமிழும் கம்பியும்தான் இருக்கிறது. தொடங்கவே அரை லட்சம் ஆகுமாம். வாங்கித் தரலாமா? (ஒரு தந்தை, குடியாத்தம்)

பதில்: தரலாம், ஆனால் இந்த மாதமே வேண்டாம். முதலில் விசிவி ராக் என்ற மென்பொருளை லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இலவசப் பதிப்பே போதும். ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர், அதை வடிகட்டும் ஃபில்டர், எப்போது ஏறி எப்போது இறங்க வேண்டும் என்று சொல்லும் என்வலப் எல்லாம் தனித்தனி மாடுல்களாக, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி அலகாக, திரையில் இருக்கும். உண்மையான கருவியைப் போலவே கம்பி இழுத்து இணைக்கலாம். ஒரு செமஸ்டர் முழுக்க அதில் உட்கார்ந்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் தைரியமாகப் பணத்தை எடுங்கள்.

கட்டை இல்லையே என்று தயங்க வேண்டாம். எந்த ஒலி எதை ஆட்டுவிக்க வேண்டும் என்று கம்பியால் முடிவு செய்வதுதான் இங்கே இசையமைப்பு. இது நேற்று வந்த மோகமும் இல்லை. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் 1969-லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைஸரை வைத்து ஒரு ஸ்டூடியோ அமைத்துக் கொடுத்தார். நம் நாட்டுக் கலைஞர்கள் அதில் மின்னணு இசை படைத்திருக்கிறார்கள்.

வாங்கும்போது முதலில் செமி-மாடுலர் வாங்குங்கள். மூக் மதர்-32, பெரிங்கர் நியூட்ரான் போன்றவை அந்த வகை. உள்ளேயே இணைப்பு இருப்பதால் கம்பி போடாமலும் ஒலிக்கும், பவர் அடாப்டரும் கூடவே வரும். பிறகு மாடுல்களை வரிசையாகப் பொருத்தும் கேஸ் என்ற பெட்டி வாங்கினால் அதிலும் பொருத்திக்கொள்ளலாம். கோர்க் வோல்கா மாடுலர் நல்ல கருவிதான், ஆனால் அதன் இணைப்புகள் மெல்லிய பின் கம்பிகள். மற்ற மாடுல்களின் 3.5 மி.மீ. கம்பி அந்தப் பின் இணைப்புகளில் நேராகப் போகாது.

அடுத்தது யூரோராக். ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் 1990-களின் நடுவில் கொண்டுவந்த மாடுல் அளவு இது. உயரம் 128.5 மி.மீ., அகலம் எச்பி என்ற அலகில், ஒரு எச்பி 5.08 மி.மீ. இந்த அளவில் செய்த எந்தக் கம்பெனி மாடுலும் பெரும்பாலும் எந்த யூரோராக் கேஸிலும் உட்காரும் என்பதால் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், பிடிக்காததை விற்றுவிடலாம். ஆனால் பலரும் கண்ணைப் பறிக்கும் மாடுலுக்குக் காசைக் கொட்டிவிட்டு, பவர் சப்ளையை மலிவாக முடிக்கிறார்கள். அங்கேதான் அடி விழுகிறது. ஒவ்வொரு மாடுலும் +12, -12, சிலவற்றில் +5 வோல்ட்டில் எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கும் என்று தயாரிப்பாளர் போட்டிருப்பார். தனித்தனியாகக் கூட்டி, கால் பங்காவது மிச்சம் இருக்கும் சப்ளையாக வாங்கச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கென்று இன்னொன்றும் உண்டு. அனலாக் ஆசிலேட்டரின் சுருதி வெப்பத்தால் நகரும். வேலூரின் கத்திரி வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் வைத்தால் காலையில் சேர்த்த சுருதி மதியம் நிற்காது. கருவியை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு சுருதி சேர்க்க வேண்டும். டிஜிட்டல் ஆசிலேட்டரில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

கேள்வி: சமூக ஊடகக் குழுவில் ஒருவரிடம் பழைய ஃபில்டர் மாடுல் வாங்கினேன். மாட்டியதும் கருகிய வாசனை வந்தது. நான்தான் தலைகீழாக மாட்டினேன் என்கிறார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: முதலில் பின்பக்கம் பாருங்கள். மாடுலுக்கு மின்சாரம் கொண்டுவரும் பட்டை ரிப்பன் கேபிளின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். வழக்கமாக அது -12 வோல்ட் பக்கம் வர வேண்டும், போர்டிலும் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். சுற்றிலும் பிளாஸ்டிக் வேலி இல்லாத பின் என்றால் திருப்பியும் மாட்டலாம், ஒரு வரிசை தள்ளியும் மாட்டலாம். இரண்டுமே ஐசியைக் கருக்கக்கூடியவை.

விற்றவர் வியாபாரி அல்ல, தன் பொருளை ஒரு தடவை விற்ற தனிநபர் என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் (2019) உங்கள் வழக்கு நிற்பது கடினம். கடையிலோ இணைய அங்காடியிலோ வாங்கியிருந்தால் நிலைமை வேறு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். சரியாகவில்லை என்றால், நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. கச்சேரிக்குப் போய்ப் பிழைப்பவர்கள் 'இது வியாபாரத்துக்கு வாங்கிய பொருள்' என்று எதிர்த் தரப்பு சொன்னால் பயப்பட வேண்டாம். சுயதொழிலில் சம்பாதிக்கத் தானே பயன்படுத்தும் பொருளுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது.

இனி பழையது வாங்கினால், பணம் அனுப்பும் முன் எல்லாக் குமிழையும் திருப்பி ஒரு வீடியோ கேளுங்கள். குமிழ் திரும்பும்போது கரகரவென்றால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். பின்பக்கப் படமும், ரிப்பன் கேபிள் மாட்டியபடி ஒரு படமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுக் கடையில் விலை குறைவாகத் தெரிகிறதே? (வாசகி, ஆரணி)

பதில்: சுங்க வரி பொருள் விலையில் மட்டும் இல்லை, சரக்குக் கட்டணத்தையும் சேர்த்துப் போடுவார்கள். கூரியர்காரர் தன் கட்டணத்தைத் தனியாகக் கேட்பார். பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

கேள்வி: இசையோடு அருவ ஓவியம் போன்ற காட்சிகளும் திரையில் ஓட வேண்டும். என்ன வாங்க? (மாணவர், வாலாஜாப்பேட்டை)

பதில்: மென்பொருளுக்கு எதுவும் செலவழிக்காதீர்கள். ஹைட்ரா என்ற காட்சி மென்பொருள் பிரவுசரிலேயே ஓடும், இலவசம், மைக்கில் வரும் ஒலிக்கு ஏற்பக் காட்சியை ஆட வைக்கலாம். டச்டிசைனர் என்ற இன்னொரு மென்பொருளின் இலவசப் பதிப்பு 1280-க்கு 1280 பிக்சல் வரைதான் படம் தரும், காசு வாங்கிச் செய்யும் நிகழ்ச்சிக்கு அது கூடாது.

காசு போடுவதென்றால் மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் பழைய அனலாக் ஆசிலோஸ்கோப் ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் விசாரியுங்கள். எக்ஸ்-ஒய் நிலையில் வைத்து ஒரு ஒலியைக் கிடைமட்டத்துக்கும் இன்னொன்றைச் செங்குத்துக்கும் கொடுத்தால் ஒலியே கோடாக வரும். கீழ் ச, மேல் ச இரண்டும் 1:2 என்பதால் எட்டுப் போல ஒரு வடிவம் கிடைக்கும். ச, ப கொடுத்தால் 2:3, பின்னல் கூடும். சுருதியை மயிரிழை விலக்கினால் வடிவம் மெல்லச் சுழலத் தொடங்கும். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான இசைக்காட்சி இல்லை. வாங்கும்போது எக்ஸ்-ஒய் பொத்தான் வேலை செய்கிறதா, திரையின் நடுவில் எரிந்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்த பின் ஒலி இல்லாத நேரம் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். ஒரே இடத்தில் நிற்கும் புள்ளி திரையை எரித்துவிடும். மூடியை மட்டும் கழற்றாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.