மின்னூல் கருவியா, டேப்லெட்டா?

கேள்வி: எனக்கு வயது 63. ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்துவிட்டது. கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து சிரமம்தான். நண்பர்கள் அனுப்பியதும் நானே இறக்கியதுமாக இருநூறு பிடிஎஃப் நூல்கள் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பழைய நூல்களின் ஸ்கேன். ஆறு அங்குல மின்னூல் கருவி வாங்கித் தருகிறேன் என்கிறாள் மகள். வீட்டில் சும்மா கிடக்கும் டேப்லெட் போதும் என்கிறான் மகன். கண்ணுக்கு எது நல்லது? காசு கொடுத்து வாங்கும் மின்னூல் என்றைக்கும் எனக்குச் சொந்தமா?

பதில்: கண்ணுக்கு அப்புறம் வருகிறேன். உங்கள் விஷயத்தை முடிவுசெய்யப்போவது அந்த இருநூறு பிடிஎஃப்தான். அவற்றை நம்பி ஆறு அங்குலக் கருவியை வாங்கினால் ஒரே வாரத்தில் அது மேசை இழுப்பறைக்குள் போய்விடும். இப்படி உள்ளே போன கருவிகளை நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பது பக்கத்தின் புகைப்படம். அதில் எழுத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்க வழியில்லை. பக்கம் முழுவதும் சேர்ந்துதான் பெரிதாகும், சிறிதாகும். ஏ4 தாளின் மூலைவிட்டம் 14 அங்குலத்துக்குச் சற்று அதிகம். அதை 6 அங்குலத் திரைக்குள் அடக்கினால் 12 புள்ளி (பாயிண்ட்) எழுத்து 5 புள்ளியாகச் சுருங்கிவிடும். மருந்துப் பெட்டிக்குள் ஒரு சீட்டை மடித்து வைத்திருப்பார்களே, அதிலுள்ள பொடி எழுத்து. விரலால் பெரிதாக்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமும் தள்ளிக்கொண்டே எத்தனை பக்கம் படிப்பீர்கள்? பெரும்பாலான தமிழ் நூல்களின் டெமி அளவு (ஏறக்குறைய ஏ4-இல் பாதி) கொஞ்சம் பரவாயில்லை. 10.3 அங்குலத் திரையில் டெமி பக்கம் ஏறக்குறைய அச்சில் இருக்கும் அளவிலேயே தெரியும்.

இ-பப் கோப்பு வேறு ஜாதி. 2007-இல் வந்த இந்தப் பொது வடிவத்தில் பக்கம் என்று நிலையாக எதுவும் கிடையாது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடிந்து அடுத்த திரைக்கு நகரும். கண் தளர்ந்தவர்களுக்கு மின்னூல் செய்திருக்கும் பெரிய உபகாரம் இதுதான் என்பேன். இனி காசு கொடுத்து வாங்குவது எல்லாம் இப்படி எழுத்து மடியும் நூலாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நூல்களுக்கு ஆறு அங்குலமே தாராளம்.

பிடிஎஃப்களை இ-பப் ஆக்க முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருள் வழியே ஆக்கலாம். ஆனால் பழைய அச்சில் காலும் ரகரமும் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிடும். மெய்ப்புப் பார்க்காமல் படித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். இன்னொரு வழியும் உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை. கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள், ஸ்கேன் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் படமாகவே வெட்டிச் சிறிய திரைக்கு ஏற்ப மறுபடி அடுக்கித் தரும். படமாகவே கையாள்வதால் அது எந்த மொழி என்ற கவலை அதற்கு இல்லை. பக்கம் கோணலாக ஸ்கேன் ஆகியிருந்தால் சொதப்பும். கணினியில் செய்ய வேண்டிய வேலை இது, மகனிடம் ஒப்படையுங்கள்.

இப்போது கண்ணுக்கு வருவோம். டேப்லெட் திரை தானே ஒளி விடுவது. மின்னூல் கருவியில் இருப்பது மின்மைத் திரை, அதாவது இ-இங்க் திரை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஊடக ஆய்வகத்தில் முளைத்து 1997-இல் இ-இங்க் என்ற நிறுவனமாக வளர்ந்த தொழில்நுட்பம் இது. கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகளுக்குள் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கும். மின்புலத்தின் திசைக்கு ஏற்ப ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். மின்சாரத்தை நிறுத்தினாலும் துகள்கள் வந்த இடத்திலேயே நிற்கும். பக்கம் புரளும்போதுதான் மின்சாரம் செலவாகிறது. ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடுவது அதனால்தான். 2004-இல் சோனி ஜப்பானில் இந்தத் திரையோடு லிப்ரியே கருவியை விற்றது. 2007-இல் அமேசானின் கிண்டில் வந்தது. முதல் இருப்பு ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்தது.

மின்மைத் திரை காகிதத்தைப் போல வெளி ஒளியில் தெரிவதால் வெயிலில் உட்கார்ந்தும் படிக்கலாம். இருட்டில் படிக்க ஓரத்து விளக்குகள் திரையின் மேல் ஒளியைப் பரப்பும். ஆனால் அதன் வெள்ளை தூய வெள்ளை அல்ல, லேசான சாம்பல். மங்கலான வேறுபாடுகளைப் பிரித்துப் பார்க்கச் சிரமப்படும் கண்ணுக்கு, வெளிச்சம் கூட்டிய டேப்லெட்டே தெளிவாகத் தெரியலாம். கண் எரிவதற்குத் திரையை மட்டும் குறை சொல்வார்கள். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது, கண் வறள்கிறது. இது எந்தத் திரைக்கும் பொருந்தும். தூக்கத்தில்தான் வித்தியாசம் தெரிகிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், இரவில் டேப்லெட்டில் படித்தவர்களுக்கு அச்சு நூல் படித்தபோது ஆனதைவிடத் தூக்கம் வர ஏறக்குறைய 10 நிமிடம் கூடுதலாக ஆனது. பங்கேற்றவர்கள் 12 பேர்தான், அதையும் நினைவில் வையுங்கள். படுக்கையில் படிக்கும் பழக்கம் இருந்தால் மின்மைத் திரைதான் என் தேர்வு. வண்ண மின்மைத் திரை உங்களுக்கு வேண்டாம். வண்ண வடிகட்டி திரையை இன்னும் மங்கலாக்கும்.

சொந்தமா என்றால், பெரும்பாலும் இல்லை. நீங்கள் வாங்குவது படிக்கும் உரிமம்தான். 2009 ஜூலையில் ஆர்வெலின் '1984' நூலின் ஒரு பதிப்பை, விற்றவருக்கு அதன் உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது அங்கே வாங்கிய நூல்கள் திறக்காமல் போயின. பணம் மட்டும் திரும்பி வந்தது. கிண்டில் நூல்களைக் கணினிக்கு இறக்கி யுஎஸ்பி வழியே மாற்றும் வசதியையும் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத இ-பப் விற்கும் பதிப்பகம் இருந்தால் அங்கே வாங்கி ஒரு பிரதியைத் தனியாகச் சேமித்து வையுங்கள். பேரப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கும் நூலை அச்சில் வாங்குங்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை. அட்டை ஒன்றில் 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரத்துக்கு ஒரு சன்னல் வெட்டுங்கள். ஆறு அங்குலத் திரை அவ்வளவுதான். டேப்லெட்டில் உங்கள் பிடிஎஃப் பக்கம் ஒன்றை அந்தச் சன்னலுக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கிப் படித்துப் பாருங்கள். சிரமமின்றி ஐந்து பக்கம் ஓடினால் மகள் ஜெயித்தாள். ஓடாவிட்டால் ஒரு மாதம் டேப்லெட்டிலேயே படியுங்கள். பழக்கம் பிடித்தால் அப்புறம் பத்து அங்குல மின்மைக் கருவி. எடை இரு மடங்குக்குக் குறையாது. மல்லாந்து படுத்துப் படிப்பவர் என்றால் தூக்கம் வரும் நேரத்தில் மூக்கு பத்திரம்.