இலவசம் என்கிறார்கள், கணக்கில் எவ்வளவு வந்து சேரும்?

கேள்வி: பார்வையற்ற மாணவர்களுக்கு ஒலிப்புத்தகம் தயாரித்துக் கொடுக்கும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. நிதி திரட்ட ஓர் இசை நிகழ்ச்சி நடத்தப்போகிறோம். இதுவரை டிக்கெட் புத்தகம் அச்சடித்து உறுப்பினர்கள் மூலம் விற்றோம். இந்த முறை ஆன்லைனில் விற்கலாம் என்கிறார்கள் குழுவில் உள்ள இளைஞர்கள். கமிஷனுக்கே பாதிப் பணம் போய்விடுமோ என்று பொருளாளரான எனக்குப் பயமாக இருக்கிறது. செலவு குறைவான வழி உண்டா?

பதில்: உண்டு, தாராளமாக ஆன்லைனுக்கு மாறலாம். பாதியெல்லாம் போகாது. ஆனால் டிக்கெட் விலை குறைவு என்றால் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாகவே போகும். அது எப்படி என்று முதலில் பார்த்துவிடுவோம்.

பணம் இரண்டு இடத்தில் கழிகிறது. டிக்கெட் விற்கும் தளம் ஒரு கட்டணம் எடுக்கும். கார்டுப் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே இன்னொன்று எடுக்கும். பெரும்பாலும் இரண்டிலும் ஒரு சதவீதமும் ஒரு நிலையான தொகையும் சேர்ந்திருக்கும். கையைக் கடிப்பது அந்த நிலையான தொகைதான். கணக்குக்காக, எல்லாம் சேர்த்து 6 சதவீதமும், நிலையான தொகையாக 3-ம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் 100 என்றால் 9 போகும், பரவாயில்லை. அதே டிக்கெட் 20 என்றால் 4.20 போகும், அதாவது 21 சதவீதம்! அந்த நிலையான தொகை ஒவ்வொரு டிக்கெட்டுக்குமா, மொத்த ஆர்டருக்கு ஒரே முறையா என்று கட்டாயம் கேளுங்கள். ஆர்டருக்கு என்றால், ஒரு குடும்பம் நான்கு டிக்கெட்டைச் சேர்த்து எடுக்கும்போது இழப்பு 10 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அதனால் குடும்ப டிக்கெட் என்று ஒன்று வைப்பது நல்லது.

இனி, எந்தத் தளம்? பிரபலமான ஈவென்ட்பிரைட்டில் எளிதாகத் தொடங்கலாம். ஆனால் அது மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனின் டிக்கெட் டெய்லர் சதவீதம் கேட்காமல் டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. விலை கூடிய டிக்கெட்டுக்கு அது லாபம். ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஹ்யூமனிடிக்ஸ் தானே ஓர் அறநிறுவனம். கட்டணத்தில் மிஞ்சும் லாபத்தைக் குழந்தைகள் கல்வி போன்ற அறப்பணிகளுக்குத் தருகிறது. ஜெஃபி அமெரிக்கா, கனடா அறநிறுவனங்களிடம் எதுவுமே வாங்குவதில்லை. டிக்கெட் எடுப்பவர் விரும்பித் தரும் கூடுதல் தொகையில்தான் நடக்கிறது. குழுவில் கணினி தெரிந்தவர் ஒருவர் நிலையாக இருந்தால் பிரீடிக்ஸ் என்ற திறந்த மூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவலாம். நிகழ்ச்சிக்கு முந்தைய இரவு அது பழுதானால் யார் எழுந்து வந்து பார்ப்பார் என்று யோசித்துவிட்டு அதில் இறங்குங்கள். எதுவானாலும் உங்கள் நாட்டில் பணம் பெற்றுத் தருமா என்பதை முதலில் பாருங்கள். பேபால், ஸ்ட்ரைப் போன்ற பேமென்ட் கேட்வேகளில் பதிவுபெற்ற அறநிறுவனங்களுக்குச் சலுகை கிடைக்கலாம். அதைப் பெரும்பாலும் நாம்தான் விண்ணப்பித்து வாங்க வேண்டும்.

விருப்பத் தொகை கேட்கும் தளங்களில் ஒரு விஷயம் எனக்கு உறுத்தும். அந்தத் தொகையை எழுதும் பெட்டியில் ஒரு தொகை ஏற்கெனவே நிரப்பியே வரலாம். வயதானவர்கள் அதுவும் உங்கள் அறக்கட்டளைக்குத்தான் என்று நம்பிக் கொடுத்துவிடுவார்கள். ‘இது தளத்துக்குப் போகும் தொகை, நீங்கள் பூஜ்யமாக்கலாம்’ என்று நிகழ்ச்சிப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். உங்களை நம்பி வருகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கட்டணத்தை வாங்குபவர் தலையில் வைக்கலாமா? வைக்கலாம், முதல் திரையிலேயே முழு விலையையும் காட்டினால். கடைசிப் பக்கத்தில் திடீரென்று தொகை ஏறினால் பாதி வழியில் மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

பொருளாளராக நீங்கள் கேட்க வேண்டிய இன்னொன்று, பணம் எப்போது கைக்கு வரும் என்பது. சில தளங்கள் நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் அனுப்பும். அரங்கத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியவர்களுக்கு இது பெரிய சிக்கல். அப்புறம் ரீஃபண்ட். நிகழ்ச்சி ரத்தானால் டிக்கெட் பணத்தை முழுதாகத் திருப்பித் தருவீர்கள். முதலில் பிடித்த கார்டுக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது.

வாசலில் நின்று பலமுறை டிக்கெட் பார்த்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். நால்வருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தவர் வண்டி நிறுத்தப் போயிருப்பார். மற்ற மூவரும் வாசலில் நிற்பார்கள்; கியூஆர் கோடு அவர் போனில் இருக்கும். பின்னால் வரிசை நீளும். எனவே பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அச்சடித்து ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். அரங்கத்துக்குள் சிக்னல் கிடைக்காமல் போகலாம், ஸ்கேன் செய்யும் செயலி இணையம் இல்லாமலும் ஓடுமா என்று முன்பே சோதியுங்கள்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? ஒரு ஆன்லைன் படிவமும் வங்கிக் கணக்கு எண்ணும் போதாதா?

பதில்: ஐம்பது பேர் வரை போதும், செலவும் மிகக் குறைவு. அதற்கு மேல் போனால் கணவர் பெயரில் பணம் வரும், மனைவி பெயரில் படிவம் வரும். பொருத்திப் பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆளுக்கு ஒரு குறிப்பு எண் கொடுத்து, பணம் அனுப்பும்போது அதை எழுதச் சொல்லுங்கள். படிவத்தில் கார்டு எண்ணை மட்டும் ஒருபோதும் கேட்காதீர்கள்.

கேள்வி: அனுமதி இலவசம் என்றால் டிக்கெட் தேவையா?

பதில்: இருக்கை குறைவாக இருந்தால் தேவை. இலவச டிக்கெட்டுக்குப் பெரும்பாலான தளங்கள் எதுவும் வாங்குவதில்லை. பதிவு செய்தவர்களில் பலர் வராமல் இருப்பார்கள்; அதனால் நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு ‘வர இயலாவிட்டால் இங்கே ரத்து செய்யுங்கள்’ என்ற இணைப்போடு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். காலியாகும் இடங்களைக் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.