படிவத்தில் கையெழுத்திடும் முன்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் எல்லோருக்கும் மனநலப் பரிசோதனை நடத்தப்போவதாகச் சொல்லிப் பள்ளியிலிருந்து ஒப்புதல் படிவம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். ‘நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது இது முளைத்து நிற்கும்’ என்று கணவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். சில மாதங்களாக அவள் சரியாகத் தூங்குவதில்லை என்பதால் எனக்கோ மனம் கேட்கவில்லை. என்ன செய்வது? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கணவரின் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. ஆனால் அவர் பயப்பட வேண்டியது பரிசோதனையைக் கண்டு அல்ல. அது முடிந்த மறுநாள் அந்தத் தாள் எங்கே போகிறது என்பதைக் குறித்துத்தான்.

முதலில் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதற்கெனப் பயன்படும் வினாத்தாள்களில், மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்கும் பி.ஹெச்.கியூ-9 என்பது ஒன்று. கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா என்பன போன்ற ஒன்பது கேள்விகளுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கூட்டுத்தொகை 10-ஐத் தொட்டால் அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று பொருளே தவிர, நோய் இருக்கிறது என்று பொருளன்று. தேர்வு நேரத்தில் தூக்கம் கெட்ட பிள்ளைக்கும் 10 வரலாம். உள்ளுக்குள் புழுங்குகிற பிள்ளை எல்லாவற்றையும் மறைத்து 2 வாங்குவதும் உண்டு. பெங்களூருவிலுள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஏறத்தாழ மூன்று பேர்.

அந்த மூன்று பேர் உண்மையை எழுதுவார்களா என்பது நடத்தும் விதத்தைப் பொறுத்தது. ஒரு பள்ளியில் நான் பார்த்தேன்: ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரச நான்கு மாணவிகள், ஓரத்திலிருந்தவள் ஜாமெட்ரி பாக்ஸைத் தடுப்பாக நிறுத்திவைத்துக்கொண்டு, கேள்விகளைப் படிக்காமலேயே ‘இல்லை’ என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை மளமளவென்று டிக் அடித்து, முதல் ஆளாகத் தாளை நீட்டினாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஆகவே, பள்ளிக்கு நேரில் சென்று, தனித்தனியாக உட்கார வைத்து எழுதச் சொல்வார்களா என்று கேளுங்கள். மதிப்பெண் அதிகமாக வந்த பிள்ளையிடம் யார், எத்தனை நாட்களுக்குள் பேசுவார் என்று கேளுங்கள். ஒன்பதாவது கேள்வி சாவதைப் பற்றிய எண்ணம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றைப் பற்றியது. அதற்கு ‘இல்லை’ தவிர வேறு எந்த விடை வந்தாலும், கூட்டுத்தொகை எவ்வளவாக இருந்தாலும் அன்றே அந்தப் பிள்ளையுடன் பேசியாக வேண்டும். அதற்கு ஆள் இல்லாத பள்ளி இந்தத் தாளைக் கொடுக்காமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து. கடைசியாக, தாள்கள் யாரிடம் இருக்கும் என்பது. சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாகக் காக்கும் கடமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவர்களுக்கு விதிக்கிறது. வகுப்பாசிரியரின் மேசை டிராயரில் கிடக்கும் தாளுக்கும் அதே பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது. இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்தால் கையெழுத்திடுங்கள். உங்கள் கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்; அவருடைய கேள்வியும் இதுதானே.

‘அதில் எதையும் உளறி வைக்காதே’ என்று மகளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அவள் தூக்கத்துக்குப் பள்ளியின் தேதி வரை காத்திருக்கவும் வேண்டாம். இரவு விளக்கணைத்த பின் அருகில் படுத்துக்கொண்டு, படிப்புப் பேச்சை எடுக்காமல், ‘ஏம்மா தூக்கம் வரலை?’ என்று கேட்டுவிட்டு அவள் பேசும்வரை சும்மா இருங்கள். பிடிகொடுக்காவிட்டால், இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசக்கூடிய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ முதலில் நீங்களே அழைத்துப் பேசலாம்; அவளை உடன் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்பதில்லை.