முதல் சுவிஸ் வாட்ச்: வாசகர் கேள்வி-பதில்

பதினைந்து வருட ஆசை. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாங்கப் பணம் சேர்ந்துவிட்டது. ஹெசலைட் கண்ணாடி எடுப்பதா, சஃபையரா?
— வாசகர், கோயம்புத்தூர்

ஹெசலைட் ஒரு வகை பிளாஸ்டிக். கதவில் உரசினாலே கோடு விழும். ஆனால் அதற்கென விற்கும் பாலிஷ் பேஸ்ட்டைத் தடவி, மெல்லிய துணியால் சில நிமிடம் தேய்த்தால் கோடு மறைந்துவிடும். ஓங்கி அடிபட்டாலும் சில்லுசில்லாகத் தெறிக்காது. விண்வெளி வீரர்கள் கட்டிப்போன ஸ்பீட்மாஸ்டருக்கு அது பொருந்தியதும் அதனால்தான். சஃபையரில் லேசில் கீறல் விழாது; பின்மூடியும் கண்ணாடி என்பதால் இயந்திரம் தெரியும். விலை அதிகம், உடைந்தால் மாற்றும் செலவும் அதிகம். தினம் கட்டப்போகிறீர்கள் என்றால் சஃபையர் எடுங்கள். அந்தப் பழைய முகத்துக்காகவே காத்திருந்தீர்கள் என்றால் ஹெசலைட்.

மணிக்கட்டு அளவை நீங்கள் எழுதவே இல்லை. கண்ணாடியைவிட அதுதான் முக்கியம். கேஸ், அதாவது வாட்சின் உடல், 42 மி.மீ. என்பதை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்ட்ராப் மாட்டும் லக்குகளின் நுனி முதல் நுனி வரை சுமார் 48 மி.மீ. வரும். மணிக்கட்டின் மேற்புறத்தில் தட்டையாக இருக்கும் இடத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அது 48-க்குக் குறைவு என்றால் லக் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கடையில் கட்டிக்கொண்டு ஆளுயரக் கண்ணாடி முன் நின்று பாருங்கள். செல்போனில் கிட்டத்தில் எடுத்த படத்தில் எந்த வாட்சும் பெரிதாகத்தான் தெரியும்.

இது சாவி கொடுக்கும் வாட்ச். முழுச் சாவிக்கு 50 மணி நேரம் ஓடும். முட்டியதும் நிறுத்திவிடுங்கள். 50 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும் என்று போட்டிருப்பதை நம்பி நீச்சல்குளத்தில் இறங்க வேண்டாம்.

வாட்ச் 3 லட்சம். பில் வேண்டாம், ரொக்கமாகக் கொடுத்தால் 40,000 குறைக்கிறேன் என்கிறார் கடைக்காரர்.
— வாசகர், சென்னை

எழுந்து வந்துவிடுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டத்தில் அவருக்கு இடமில்லை. பில் இல்லாவிட்டால் உங்களுக்கு வாரண்டியும் இல்லை, காப்பீடும் இல்லை.

1960-களின் ஒமேகா சீமாஸ்டர், 18,000 ரூபாய், ‘ஒரிஜினல் டயல்’ என்று ஆன்லைனில் வருகிறது. டயல் பளிச்சென்று ஆரஞ்சு நிறம். நம்பலாமா?
— வாசகர், மதுரை

நம்பாதீர்கள். நம் ஊரில் முதல் வாட்ச் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஈரக் காற்றில் பழைய டயல் கறுத்துப் புள்ளி விழுந்துவிடும். அதைச் சுரண்டி, புது வண்ணம் அடித்து, எழுத்தை மறுபடி அச்சிடுகிறார்கள். மும்பையிலிருந்து இப்படி ஏராளமாக வெளியே போவதால், வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ரீபெயிண்ட் என்று சொல்லி விற்றால் தப்பில்லை. ஒரிஜினல் என்று சொல்லி விற்பது மோசடி.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்குங்கள். அசல் அச்சில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். மறு அச்சில் மை ஊறித் தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் பதித்த குறிகளின் நடுவில் வந்து சேராது. என்னிடம் மாட்டிய ஒன்றில் சின்ன நொடிவட்டம் அரை மி.மீ. தள்ளியே நிற்கிறது. டயலின் கீழ் ஓரத்தில் ‘ஸ்விஸ் மேட்’ என்ற எழுத்து இருக்கிறதா, முள்ளில் உள்ள ஒளிப்பூச்சும் டயலில் உள்ளதும் ஒரே மாதிரி பழுத்திருக்கிறதா என்று பாருங்கள். பின்மூடியைத் திறந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கால ஒமேகா இயந்திரம் செம்பு நிறத்தில் இருக்கும், கேலிபர் எண், அதாவது இயந்திரத்தின் மாடல் எண், பொறித்திருக்கும். திறக்க மறுப்பவரிடம் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

9,000 ரூபாய்க்கு ‘மாஸ்டர் காப்பி’ ரோலெக்ஸ் வாங்கினேன். ஒரே வாரத்தில் கண்ணாடிக்குள் ஆவி படிகிறது. வாரண்டி கிடைக்குமா?
— வாசகர், திருச்சி

கிடைக்காது. போலி என்று தெரிந்தே வாங்கியிருக்கிறீர்கள்.

பழைய டியூடர் வாட்சுக்கு யூபிஐ-யில் 1.4 லட்சம் அனுப்பினேன். வந்தது வேறு வாட்ச். விற்றவர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
— வாசகர், ஈரோடு

மனம் உடையாதீர்கள், தப்பு செய்தவர் நீங்கள் அல்ல. இன்றே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் பரிவர்த்தனை எண்ணோடு புகார் கொடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் அடுத்த கணக்குக்கு நகரும். உரையாடல், விளம்பரப் படம், பார்சல் உறை எதையும் அழிக்கவோ எறியவோ வேண்டாம். விற்றவர் இதையே தொழிலாகச் செய்பவர் என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருட அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வீட்டிலும் இன்றே சொல்லிவிடுங்கள், தனியாகச் சுமக்க வேண்டாம்.

புது ஆட்டோமேட்டிக் வாட்ச் திடீரென்று நாளுக்கு ஐந்து நிமிடம் முந்துகிறது. சர்வீஸுக்குக் கொடுக்கவா?
— வாசகர், சேலம்

முதலில் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். டேப்லெட் உறை, கைப்பையின் காந்தப் பொத்தான், ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் ஏறும். உள்ளே வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருள், ஹேர்ஸ்பிரிங், அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓட்டம் வேகமாகிவிடும். திசைகாட்டியை வாட்ச் அருகில் கொண்டுபோனால் ஊசி ஆடும். காந்தத்தை எடுக்கும் டிமாக்னடைசர் கருவியில் காட்டினால் நொடிகளில் சரியாகும். கடைக்காரர் அதற்கே வாட்சைக் கழற்றிப் பிரிக்க வேண்டும் என்றால் வேறு கடைக்குப் போங்கள்.