வாசகர் கேள்வி – பதில்: விளையாட்டில் வரும் வசவு

கேள்வி: பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறேன். இரவில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைக் கைபேசியில் விளையாடுவது வழக்கம். நண்பர்கள் வராத நாளில் முன்பின் தெரியாதவர்களோடு ஸ்க்வாட் (அணி) சேர வேண்டியிருக்கிறது. நான் முதலில் நாக் ஆகிவிட்டால் (சுடப்பட்டு விழுந்துவிட்டால்) போதும், தாயையும் தமக்கையையும் இழுத்து வசைபாடத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் விடுவதில்லை. ஆட்டம் முடிந்த பிறகும் மனம் ஆறாமல் தூக்கம் கெடுகிறது. என்ன செய்யலாம்?
— ஒரு மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, 100 பேர் இறங்கும் ஆட்டத்தில் கடைசியில் மிஞ்சுவது ஓர் அணிதான், மற்ற எல்லோரும் தோற்றவர்களே. அரை மணி நேரம் பொருள் சேர்த்து, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் ஓடி ஓடி, முடிகிற நேரத்தில் செத்துப்போகிறவனுக்கு வரும் எரிச்சலைக் கொட்டுவதற்குப் பக்கத்தில் இருப்பவர் நீங்கள்தான். உங்கள் முகம் அவனுக்குத் தெரியாது. நாளைக் காலையில் முருகன்குறிச்சி பேருந்து நிறுத்தத்தில் எதிரெதிரே நின்றாலும் இருவரும் கடந்து போய்விடுவீர்கள். முகம் தெரியாத இடத்தில் மனிதர்களின் நாக்கு கட்டவிழ்ந்துகொள்வதைப் பற்றி ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதியிருக்கிறார்.

அதற்காகத் திட்டுகிற எல்லோரையும் பிறவிப் போக்கிரிகள் என்று எண்ண வேண்டாம். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கணினி விளையாட்டை நடத்தும் ரயட் கேம்ஸ் நிறுவனம் தன் ஆட்டக்காரர்களின் பேச்சை ஆராய்ந்தபோது, ஓயாமல் டாக்ஸிக்காக (நஞ்சு கக்கும்படி) பேசுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே இருந்தார்கள். மொத்த வசவில் அவர்களுடைய பங்கு ஏறத்தாழ 5 சதவீதம்தான். பெரும்பகுதி, அன்றைய பொழுது சரியில்லாத சாதாரண ஆட்களின் வாயிலிருந்து வந்தது. பதிலுக்குப் பேசிய இரவுகளில் நீங்களும் அந்தச் சாதாரண ஆட்களில் ஒருவர்தான். எதிரே இருந்தவனும் இதேபோல் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருந்தாலும் வியப்பில்லை.

அதே நிறுவனம் இன்னொன்றையும் செய்து பார்த்தது. எதிரணியோடு பேசும் வசதியை முதலில் மூடி வைத்து, வேண்டுகிறவர்கள் மட்டும் தாங்களாகவே திறந்துகொள்ளலாம் என்று மாற்றியது. பேச்சின் அளவு அப்படியே இருந்தது. இழிவான பேச்சு மட்டும் 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. திறப்பதற்குக் கையை நீட்ட வேண்டியிருக்கும் அந்த ஒரு கணமே பலரை நிதானப்படுத்திவிட்டது. நீங்களும் இதையே உங்கள் கைபேசியில் செய்துகொள்ளலாம். விமானத்திலிருந்து குதிப்பதற்கு முன்பே ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டுக் குரலை அணைத்துவிடுங்கள். எதிரி இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துக் காட்டுவதற்கும், மருந்து வேண்டும், காப்பாற்று என்று சொல்வதற்கும் ஆட்டத்துக்குள்ளேயே ஆயத்தச் செய்திகள் இருக்கின்றன; தெரியாதவர்களோடு ஆடுவதற்கு அவை போதும். கூட்டாளிகள் ஒழுங்கானவர்கள் என்று தெரிந்த பிறகு குரலைத் திறந்துகொள்ளலாம்.

குரலை அணைப்பதைத் தோற்று ஓடுவதாகச் சில இளைஞர்கள் நினைக்கிறார்கள். திட்டுகிறவனுக்கு வேண்டியது உங்கள் பதில் ஒன்றுதான். அதைக் கொடுத்தால் அவனுக்கு இரண்டாவது ஆட்டம் தொடங்கிவிடுகிறது, அந்த ஆட்டத்தில் அவனுக்கு உங்களைவிடப் பழக்கம் அதிகம். இரவு இரண்டு ஆட்டம் வரிசையாகத் தோற்றால் கைபேசியை மூடிவிட்டு விடுதி மாடியில் சற்று நடந்துவிட்டுப் படுங்கள். மூன்றாவது ஆட்டத்தை அநேகமாகக் கோபம்தான் ஆடும்.

கேள்வி: ஆட்டத்தில் திட்டுகிறவன்மீது, ஆட்டம் முடிந்ததும் ரிப்போர்ட் கொடுக்கிறேன். மறுநாளும் அதே ஆள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறான். இதனால் பயன் உண்டா?
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உண்டு, ஆனால் உடனே கண்ணில் படாது. ஒரே புகாரை வைத்து ஒருவரை நீக்கினால், தோற்ற ஆத்திரத்தில் கொடுக்கும் பொய்ப் புகாருக்கும் அதே பலன் கிடைத்துவிடும். அதனால் ஒருவர்மீது பலரிடமிருந்து வரும் புகார்களைச் சேர்த்துப் பார்ப்பதே பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். ஆத்திரத்தில் புகார்ப் பட்டியலில் உள்ள எல்லாக் கட்டங்களையும் தொட்டுவிடாமல், நடந்தது வசவு என்றால் வசவு, ஏமாற்று ஆட்டம் என்றால் ஏமாற்று ஆட்டம் என்று சரியான காரணத்தை மட்டும் குறியுங்கள். ரிப்போர்ட் அவனுக்கு, பிளாக் உங்களுக்கு. இரண்டையும் செய்யுங்கள்.

கேள்வி: நான் பீடி சுற்றிப் பிழைக்கிறவள். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன் என் கைபேசியில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற சுடும் விளையாட்டு விளையாடுகிறான். அதில் யார் யாரோ பேசுகிறார்கள். காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு தங்கச்சியிடம் பேசுகிறான். கைபேசியைப் பிடுங்கிவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானா?
— ஒரு தாய், முக்கூடல்

பதில்: அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் பிடுங்கிவிட்டால் அவன் பக்கத்துத் தெருப் பையனின் கைபேசியில் ஆடுவான். அங்கே என்ன கேட்கிறான் என்பது உங்களுக்குத் தெரியாமல் போகும். அதைவிடப் பெரிய கேடு, யாராவது அவனை மிரட்டினாலும், கைபேசி போய்விடும் என்ற பயத்தில் உங்களிடம் வாய் திறக்க மாட்டான்.

காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு திண்ணைக்குப் போகாமல், நீங்கள் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, சத்தம் வெளியே கேட்கும்படி விளையாடச் சொல்லுங்கள். அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றால் எந்தப் பையனும் மோசமான குரலை அடைக்கத் தானாகவே கற்றுக்கொள்வான். தெரியாதவர்களின் குரலை அணைத்துவிட்டு, பள்ளித் தோழர்களோடு மட்டும் அணி சேர வேண்டும் என்பதை நிபந்தனையாக வையுங்கள். நேரத்தையும் நீங்களே வரையறுங்கள். பிஜிஎம்ஐ விளையாட்டில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு நாளுக்கு 3 மணி நேரம் என்று நிறுவனமே எல்லை வைத்திருக்கிறது, எட்டாம் வகுப்புப் பையனுக்கு அதுவும் அதிகம் என்பது என் கருத்து. தங்கச்சியிடம் அந்த வார்த்தையைப் பேசினால் அன்றைக்கு விளையாட்டு கிடையாது. அதில் மட்டும் இரக்கம் காட்ட வேண்டாம்.

இன்னொன்று. விளையாட்டில் பொருள் வாங்கும் டைமண்டை இலவசமாகத் தருகிறேன், உன் அம்மாவின் எண்ணுக்கு வரும் ஓடிபியைச் சொல் என்று இனிக்க இனிக்கப் பேசுகிறவன் வசைபாடுகிறவனைவிட ஆபத்தானவன். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: பொறியியல் மாணவி நான். மைக்கைத் திறந்து பெண் குரல் கேட்டதும் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். ஒருவன் என் இன்ஸ்டாகிராமைத் தேடிப் பிடித்து, வேண்டாம் என்று சொன்ன பிறகும் தினமும் ஆபாசமாக எழுதுகிறான். அண்ணனிடம் சொன்னால் விளையாட்டையே நிறுத்தச் சொல்வான்.
— ஒரு மாணவி, வள்ளியூர்

பதில்: முதலாவது தொல்லையும் இரண்டாவதும் ஒன்றல்ல. ஆட்டத்துக்குள் பேசுகிறவர்களை அடைத்துவிட்டுப் போகலாம். வெளியே வந்து பின்தொடர்கிறவன் செய்வது குற்றம். பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும், அவள் இணையத்தில் செய்வதைக் கண்காணிப்பதும் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியவை.

ஆகவே இங்கே அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். அவன் அனுப்பியவற்றைத் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். விளையாட்டில் அவனுடைய பெயரைக் குறித்தால் போதாது, பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்; பெயருக்குக் கீழே இருக்கும் எண்ணடையாளம் மாறாது, அதைப் படமெடுத்து வையுங்கள். அதன்பின் பிளாக் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. சில வகைக் குற்றங்களுக்குப் பெயரைச் சொல்லாமலும் புகார் கொடுக்க அங்கே வழி உண்டு. விளையாட்டிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒரே பெயரை வைத்திருந்தால் ஒன்றை மாற்றுங்கள். அவன் உங்களைக் கண்டுபிடித்தது அநேகமாக அந்த வழியில்தான்.

அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் செய்ததைக் கேட்காதே, இவன் செய்ததைப் பார்” என்று காட்டுங்கள். விளையாட்டை நிறுத்த வேண்டியவர் நீங்கள் என்று அதற்குப் பிறகும் அவர் சொன்னால், அம்மாவிடமோ கல்லூரியில் நம்பிக்கையான பேராசிரியையிடமோ போங்கள்.

கேள்வி: எங்கள் வட்டாரத்துப் பையன்கள் சேர்ந்து, விளையாட்டுக்குள் எங்களுக்கென்று தனி ரூம் போட்டுப் போட்டி நடத்துகிறோம், யூடியூபில் நேரலையும் உண்டு. சிலர் சாதிப் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். தோற்றதும் மைக்கில் அடுத்த ஊர்க்காரர்களைச் சாதி சொல்லி இழிவாகப் பேசுகிறார்கள். போன வாரம் “நேரில் வா, பார்த்துக்கொள்கிறேன்” என்பது வரைக்கும் போய்விட்டது.
— பெயர் வேண்டாம், நாங்குநேரி வட்டாரம்

பதில்: மற்ற கடிதங்களில் இருப்பவன் முகமறியாதவன். உங்கள் கடிதத்தில் இருப்பவன் அதே பேருந்தில் வருகிறவன், ஒருவேளை அதே பள்ளியில் படிக்கிறவன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டதையும், அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னதையும் நீங்கள் அறிவீர்கள். பள்ளி வாசலில் அவிழ்க்கச் சொன்ன கயிறு இப்போது விளையாட்டுப் பெயரில் ஏறி நிற்கிறது. அதை அவிழ்க்கச் சொல்ல அங்கே ஆசிரியர் இல்லை.

ஆனால் ரூம் போடுகிறவர் இருக்கிறார். யாரைச் சேர்ப்பது, யாரை வெளியேற்றுவது என்பது அவர் கையில்தான். சாதிப் பட்டம் உள்ள பெயரோடு யாரும் ரூமுக்குள் வர முடியாது, சாதி சொல்லிப் பேசியவரின் அணி முழுவதும் போட்டியிலிருந்து நீக்கப்படும், கட்டிய நுழைவுப் பணம் திரும்பக் கிடைக்காது என்று போட்டி அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். தன் சொந்த ஊர் அணியை முதலில் நீக்கிக் காட்டினால்தான் நடத்துகிறவரை மற்ற ஊர்க்காரர்கள் நம்புவார்கள்.

பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பலர் காணும் இடத்தில் சாதியின் பெயரால் இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நேரலையில் பேசியவர் தமக்கு எதிரான சாட்சியைத் தாமே பதிவு செய்து கொடுத்திருக்கிறார்; அந்தக் காணொளியைப் பயந்துபோய் நீக்கிவிட வேண்டாம், உங்களிடம் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். “நேரில் வா” என்ற பேச்சுக்கு யாரும் போகக் கூடாது, சமாதானம் பேசுவதற்கென்று கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டும் போகக் கூடாது. போன வாரம் அப்படிப் பேசியவர் பள்ளி மாணவர் என்றால் இந்த வாரமே அவருடைய தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிவியுங்கள். மிரட்டல் தொடர்ந்தால் காணொளியோடு காவல் நிலையத்துக்குப் போங்கள், போகும்போது ஊரில் இரு தரப்பும் மதிக்கும் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை அடுத்த போட்டியைத் தள்ளி வைப்பது நல்லது.