வரியைத் தாண்டிய அத்தியாயங்கள்: தடையற்ற வணிக ஒப்பந்தங்கள் பற்றிக் கேள்வி பதில்

ஒப்பந்த வாசகங்களை வரி வரியாகப் படிப்பது பல வருடமாக என் வேலை. வேலை இல்லாத நாளில் பொழுதுபோக்கும் அதுதான். தடையற்ற வணிக ஒப்பந்தங்களை மக்கள் எதற்காக எதிர்க்கிறார்கள், பெரிய கம்பெனிகளுக்கு இவற்றால் என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன். பங்குச் சந்தை, விசா, யாருக்கு ஓட்டு என்பதெல்லாம் என்னிடம் வேண்டாம். ஒரு எச்சரிக்கையை இப்போதே சொல்லிவிடுகிறேன், இன்னும் நாலு தடவை சொல்வேன்: முன்னுரையைப் படித்து மயங்காதீர்கள், பின்னிணைப்பைப் படியுங்கள்.

கேள்வி: மேடம், வரி குறைந்தால் சாமான் விலை குறையும். இதைப் போய் ஏன் எதிர்க்கிறார்கள்?

வரி மட்டும் குறைந்தால் இவ்வளவு கூட்டம் கூடாது. 2016இல் பன்னிரண்டு நாடுகள் கையெழுத்திட்ட பசிபிக் கடந்த கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 30 அத்தியாயம். சரக்குக்கு எவ்வளவு வரி என்று நேரடியாகப் பேசுவது அதில் கொஞ்சம்தான். மற்றவை காப்புரிமை, முதலீடு, அரசு கொள்முதல், மின்வணிகம், நிதிச் சேவை என்று போகும். அதாவது ஒரு நாடு தன் எல்லைக்குள் என்ன சட்டம் போடலாம் என்பதைப் பற்றியவை. சண்டை அங்கேதான்.

வரிக் குறைப்பால் அடிபடுகிறவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. 1994 ஜனவரி 1 அன்று அமெரிக்கா, கனடா, மெக்சிகோ சேர்ந்த நாஃப்டா ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதே நாள் மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் சப்பாத்திஸ்டாக்கள் என்ற பழங்குடி விவசாயிகளின் கிளர்ச்சிப் படை துப்பாக்கியோடு வந்து ஊர்களைப் பிடித்தது. தேதி தற்செயல் கிடையாது. மானியத்தில் விளைந்த அமெரிக்க மக்காச்சோளம் வந்து இறங்கப் போகிறது என்ற பயம் ஒரு பக்கம். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1992இல், மெக்சிகோ தன் அரசியல் சட்டத்தின் 27ஆவது பிரிவைத் திருத்தி, கிராமத்தின் பொது நிலங்களைத் தனியாருக்கு விற்கவும் வழி திறந்துவிட்டது. சோளத்தின் விலை ஏறும், இறங்கும். கைவிட்டுப் போன நிலம் திரும்பாது என்று அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: உலக வர்த்தக அமைப்பில் ஒரு கம்பெனி நம் அரசு மேல் வழக்குப் போட முடியுமா?

முடியாது. அங்கே வழக்காடுவது அரசும் அரசும் மட்டும். கம்பெனி அரசு மேல் போடும் வழக்கு வேறு பாதையில் வருகிறது, அடுத்த கேள்வி அதுதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

கேள்வி: அக்கா, அந்த முதலீட்டாளர் வழக்கு எப்படி நடக்கிறது? யார் நீதிபதி?

நல்ல கேள்வி. சாவகாசமாகச் சொல்கிறேன்.

இரண்டு நாடுகள் ஒப்பந்தம் போடுகின்றன: உன் நாட்டுக்காரன் என் நாட்டில் முதலீடு செய்தால் நியாயமாக நடத்துவேன், சொத்தைப் பறித்தால் ஈடு தருவேன், தகராறு வந்தால் அவன் என் நீதிமன்றத்துக்கு வர வேண்டாம், நேரே சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அந்த மன்றத்தில் பெரும்பாலும் மூன்று பேர். கம்பெனி ஒருவரை நியமிக்கும், அரசு ஒருவரை, தலைவர் பொதுவானவர். நிரந்தர நீதிபதிகள் இல்லை. இன்று நடுவராக உட்காருகிறவர் நாளை இன்னொரு வழக்கில் கம்பெனிக்கு வக்கீலாக வரலாம். இந்த வழக்குகளில் பாதிக்கு மேல் நடப்பது உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த, 1966 முதல் இயங்கும் ஒரு மையத்தில்.

இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தத்தை வைத்து அங்கே வந்த முதல் தீர்ப்பு எந்த நாட்டின் மேல் தெரியுமா? இலங்கை. மட்டக்களப்புப் பகுதியில் ஓர் இறால் பண்ணை. அதில் ஹாங்காங் கம்பெனி ஒன்றுக்குப் பங்கு. 1987 ஜனவரியில் பாதுகாப்புப் படையின் நடவடிக்கையின்போது பண்ணை அழிந்தது, அங்கே வேலை செய்த இருபது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். கம்பெனி 80 லட்சம் டாலருக்கு மேல் கேட்டது. பண்ணையை அழித்தது யார் என்பதை மன்றத்தால் உறுதி செய்ய முடியவில்லை. ஆனால் எடுக்க வேண்டிய முன்ஜாக்கிரதையை அரசு எடுக்கவில்லை என்று சொல்லி, 1990 ஜூனில் 4,60,000 டாலரும் வட்டியும் கொடுக்கச் சொன்னது.

இது அரசு தவறு செய்த வழக்கு. கம்பெனிக்கு ஈடு கிடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் எதிர்ப்பாளர்கள் காட்டுகிற ஓட்டை அதே வழக்கில் பளிச்சென்று தெரிகிறது. செத்தவர்களின் குடும்பங்கள் அந்த ஒப்பந்தத்தைக் காட்டி எந்தக் கதவையும் தட்ட முடியாது. உரிமை முதலீட்டாளருக்கு மட்டும். ஊர்க்காரர்கள் கம்பெனி மேல் போடவும் இதில் வழி கிடையாது.

அப்புறம் பொலிவியா. கோச்சபாம்பா நகரில் குடிநீர் வழங்கல் தனியாருக்குப் போய், கட்டணம் ஏறி, 2000இல் ஊரே தெருவுக்கு வந்தது. ஒப்பந்தம் ரத்தானது. கம்பெனியில் பெரும்பங்கு அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனத்தோடு தொடர்புடையது. ஆனால் வழக்கு நெதர்லாந்து ஒப்பந்தத்தின் கீழ் வந்தது. எப்படி? உரிமையாளர் சங்கிலியின் நடுவே ஏற்கெனவே நெதர்லாந்துக் கம்பெனிகளைச் செருகியிருந்தார்கள். உலகம் முழுக்கக் கண்டனம் வந்து, 2006 ஜனவரியில் இரண்டு பொலிவியானோ என்ற பெயரளவுத் தொகைக்கு வழக்கு முடிந்தது. சில்லறைக் காசு. மக்கள் கூச்சல் நடுவர் மன்றத்துக்குள் கேட்காது என்பார்கள். கம்பெனிக்காரர்களுக்கு நன்றாகவே கேட்கும்.

கேள்வி: நான் உதிரிபாகம் இறக்குமதி செய்யப் போகிறேன். எந்த ஒப்பந்தத்தில் போட்டால் வரி குறையும்?

நல்ல கஸ்டம்ஸ் ஏஜென்டைப் பாருங்கள். இது அவர் வேலை.

கேள்வி: உலக வர்த்தக அமைப்பில் சிகரெட் கம்பெனி ஆஸ்திரேலியா மேல் கேஸ் போட்டதே? நீங்கள் முடியாது என்கிறீர்கள்.

மறுபடியும் அதேதான். போட்டது கம்பெனி இல்லை. சிகரெட் பெட்டியில் பிராண்ட் வண்ணம், லோகோ கூடாது என்று ஆஸ்திரேலியா சட்டம் போட்டதும் இரண்டு வழக்குகள் தனித்தனியாக நடந்தன. உலக வர்த்தக அமைப்பில் ஹோண்டுராஸ், டொமினிகன் குடியரசு, கியூபா, இந்தோனேசியா ஆகிய அரசுகள் போட்டன. சில நாடுகளின் வக்கீல் செலவுக்குச் சிகரெட் கம்பெனிகள் கைகொடுத்தது உண்மை. 2020இல் ஆஸ்திரேலியா ஜெயித்தது. இன்னொன்று, பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் கம்பெனி, ஆஸ்திரேலியா ஹாங்காங்குடன் போட்ட முதலீட்டு ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நடுவர் மன்றத்தில் போட்டது. சண்டை வரும் என்று தெரிந்தே 2011இல் ஆஸ்திரேலியப் பங்குகளை ஹாங்காங் கிளைக்கு மாற்றியது உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று 2015 டிசம்பரில் தள்ளுபடி ஆனது. உருகுவே மேல் 2010இல் போட்டதிலும் 2016இல் அந்தக் கம்பெனி தோற்று, உருகுவேக்கு 70 லட்சம் டாலர் செலவுத்தொகை கொடுக்க வேண்டி வந்தது.

‘அப்போ பயப்பட என்ன இருக்கிறது, அரசுதானே ஜெயித்தது’ என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். நியூசிலாந்து தன் சிகரெட் பெட்டிச் சட்டத்தை ஆஸ்திரேலிய வழக்கு முடியும்வரை ஒத்திப்போட்டு, 2016இல்தான் நிறைவேற்றியது. அந்த வருடங்களைக் கம்பெனி எந்தத் தீர்ப்பும் இல்லாமலே சம்பாதித்துக்கொண்டது.

கேள்வி: பேச்சுவார்த்தையை ஏன் ரகசியமாக நடத்துகிறார்கள்?

பேரம் பேசும்போது சீட்டைக் காட்டக் கூடாது என்பது அதிகாரிகளின் பதில். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் 2013இல் தொடங்கிய பேச்சுவார்த்தையில் என்ன நடந்தது பாருங்கள். ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரைவைப் படிக்க அமைச்சகத்தில் ஓர் அறை. கைபேசியை வெளியே வைக்க வேண்டும். காவலர் பார்த்துக்கொண்டிருப்பார். குறித்த நேரம் முடிந்ததும் எழுந்துவிட வேண்டும். ஓட்டுப் போட வேண்டியவர்களுக்கே இந்தக் கதி. இந்த அறை திறக்கும் முன்பே, 2015 அக்டோபரில், பெர்லினில் லட்சத்துக்கு மேல் மக்கள் கூடியதற்கு இந்த ரகசியமும் ஒரு காரணம் என்பேன்.

கேள்வி: மருந்து விலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் பின்னிணைப்பு. அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் கண்டுபிடிப்புக்கு 20 வருடக் காப்புரிமை தருகிறது. தேவை என்றால் அரசு கட்டாய உரிமம் கொடுத்து வேறு கம்பெனியைத் தயாரிக்கச் சொல்லலாம். 2001இல் தோஹாவில் நடந்த அந்த அமைப்பின் மாநாட்டில் இதைத் தெளிவாகவே எழுதிவைத்தார்கள். எய்ட்ஸ் மருந்துக்காக நடந்த மக்கள் போராட்டம் இல்லாவிட்டால் அது வந்திருக்காது. அதே வருடம்தான் தென்னாப்பிரிக்க அரசு மேல் 39 மருந்துக் கம்பெனிகள் போட்ட வழக்கும், உலகமே காறித் துப்பியதால், வாபஸ் ஆனது.

கதவு திறந்ததா? அப்புறம் வந்த தடையற்ற வணிக ஒப்பந்தங்கள் ஜன்னலை மூடின. ‘தரவுப் பிரத்தியேக உரிமை’ (டேட்டா எக்ஸ்க்ளூசிவிட்டி) என்று ஒரு ஷரத்து. ஜெனரிக் (நகல்) மருந்து தயாரிக்கிறவர் நோயாளிகள் மேல் பெரிய சோதனையைத் திரும்பச் செய்வதில்லை. மூல மருந்தின் சோதனை முடிவை நம்பி, ‘என் மாத்திரையும் அதே மாதிரி உடலில் கலக்கிறது’ என்று காட்டினால் அனுமதி. ஐந்து வருடம் அந்த முடிவை மருந்துத் துறை திரும்பிப் பார்க்கவே கூடாது என்று ஒப்பந்தம் சொல்லிவிட்டால்? காப்புரிமை முடிந்திருந்தாலும் சரி, கட்டாய உரிமம் கையில் இருந்தாலும் சரி, மருந்து கடைக்கு வராது. முன்னுரையில் ‘பொது சுகாதாரத்தைக் காக்க உறுதி பூண்டு’ என்று இருக்கும். அதை யாரும் மன்றத்தில் அமல்படுத்த முடியாது.

கேள்வி: சியாட்டிலில் கூத்தடித்தவர்கள் பணக்கார நாட்டுப் பிள்ளைகள். ஏழை நாட்டு ஏற்றுமதியைக் கெடுப்பதுதான் இவர்கள் வேலை. மறுக்க முடியுமா?

பாதி மறுக்கிறேன். 1999 நவம்பர் 30 அன்று, உலக வர்த்தக அமைப்பின் மாநாடு நடந்த அமெரிக்காவின் சியாட்டில் நகரத் தெருக்களில் கடல் ஆமை வேடம் போட்டு நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள், உண்மைதான். இறால் வலையில் ஆமை சாகிறது என்று அமெரிக்கா இறக்குமதியைத் தடுத்ததை எதிர்த்து இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து அந்த அமைப்பில் வழக்குப் போட்டு 1998இல் ஜெயித்திருந்தன. ஆக, அந்த வேடக்காரர்கள் எதிர்த்த தீர்ப்பு நம் மாதிரி நாடுகளுக்குச் சாதகமானது. ஆனால் அன்றைக்குத் தெருவில் அவர்கள் மட்டுமா? லாரி ஓட்டுநர் சங்கம், ஆலைத் தொழிலாளிகள், விவசாயிகளும் வந்தார்கள். மாநாடு முறிந்ததற்குத் தெரு மட்டும் காரணம் இல்லை. மூடிய அறையில் சில நாடுகள் முடிவெடுத்து மற்றவர்கள் தலையில் கட்டுவதை ஏற்க மாட்டோம் என்று ஆப்பிரிக்கப் பிரதிநிதிகள் உள்ளே நின்றார்கள்.

அதே நபர்: மழுப்புகிறீர்கள். ஆமைக்கு அழுகிறவர்கள் மீனவனுக்கு அழுவார்களா?

இன்னொருவர் குறுக்கே: அவருக்குப் பதிலே சொல்லாதீர்கள் அக்கா. வணிகம் என்றாலே சுரண்டல், எல்லா ஒப்பந்தத்தையும் கொளுத்த வேண்டும்.

இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். முதலாமவருக்கு: அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பை முழுக்கப் படியுங்கள். ஆமையைக் காப்பது சரியான நோக்கம் என்றே அது சொன்னது. கரீபியன் பக்கத்து நாடுகளுக்கு அவகாசமும் உதவியும் கொடுத்துவிட்டு ஆசிய நாடுகளுக்குக் கொடுக்காமல் விட்ட பாரபட்சம்தான் தப்பு. அமெரிக்கா விதியைத் திருத்தியதும் மலேசியா திரும்பப் போட்டு 2001இல் தோற்றது. மீனவர் வயிற்றையும் ஆமையையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை.

இரண்டாமவருக்கு: எல்லாவற்றையும் கொளுத்திவிட்டால் பலமானவன் வைத்ததுதான் சட்டம். அமெரிக்கா மேல் பாகிஸ்தான் ஜெயிக்க ஒரு இடமாவது இருந்தது பாருங்கள். விதியே வேண்டாம் என்பதும் பெரிய கம்பெனிக்குப் பிடித்த கோரிக்கைதான்.

அதே முதல் நபர்: அப்படியானால் நீங்கள் எந்தப் பக்கம்?

பின்னிணைப்புப் பக்கம். ஆமை விவகாரம் இத்துடன் போதும், வரிசையில் நிறைய பேர் நிற்கிறார்கள்.

கேள்வி: உலக வர்த்தக அமைப்பில் தனியார் கம்பெனி...

முடியாது. மேலே இரண்டு தடவை.

கேள்வி: தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் தீமைகள் ஐந்து கூறுக.

வீட்டுப்பாடத்தை நீங்களே எழுதுங்கள் தம்பி.

கேள்வி: போராடி எதையாவது நிறுத்தியிருக்கிறார்களா?

நிறுத்தியிருக்கிறார்கள். பணக்கார நாடுகளின் ஓஈசிடி அமைப்பு 1995இல் பலதரப்பு முதலீட்டு ஒப்பந்தம் ஒன்றைப் பேச ஆரம்பித்தது. 1997இல் வரைவு வெளியே கசிந்து, எதிர்ப்பு பரவி, 1998 அக்டோபரில் பிரான்ஸ் விலகியதும் படுத்துவிட்டது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் கனடாவுடன் போடவிருந்த ஒப்பந்தத்தைப் பெல்ஜியத்தின் வல்லோனியா பிராந்தியம் முன்னால் நின்று பல நாள் தடுத்தது. முழுதாக நிற்கவில்லை, கையெழுத்தானது. ஆனால் விளக்கக் குறிப்பு சேர்ந்தது, நடுவர் மன்றத்துக்குப் பதிலாக அதில் எழுதிய முதலீட்டு நீதிமன்றம் இன்னும் அமலுக்கு வராமல் கிடக்கிறது. பசிபிக் ஒப்பந்தத்திலிருந்து 2017இல் அமெரிக்கா விலகியதும் மீதிப் பதினொரு நாடுகள் 22 ஷரத்துகளை நிறுத்திவைத்தன. மருந்துத் தரவு பற்றியவையும் அதில் உண்டு. அவற்றை அத்தனை விடாப்பிடியாகக் கேட்டது யார் என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: சட்டம் படிக்காத நான் ஒரு ஒப்பந்தத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

முன்னுரையைத் தாண்டுங்கள் (ஆமாம், மறுபடியும்). முதலீட்டு அத்தியாயத்தில் ‘முதலீடு’ என்ற சொல்லுக்கான விளக்கத்தைத் தேடுங்கள். தொழிற்சாலை மட்டும்தானா, பங்கு, கடன் பத்திரம், உரிமம் எல்லாம் சேருமா? அடுத்து ‘நியாயமான, சமமான நடத்தை’ என்ற சொற்றொடர். அதற்கு எல்லை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போடவில்லை என்றால் எல்லையை நடுவர்தான் போடுவார். மூன்றாவது, ‘மிகவும் விரும்பப்படும் நாடு’ ஷரத்து, அதாவது வேறு நாட்டுக்காரருக்குக் கொடுத்த சலுகையை இந்த நாட்டுக்காரருக்கும் கொடுக்க வேண்டும் என்பது. ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனி, தன் வழக்கை இந்திய நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் இழுத்தடித்ததற்காக இந்தியா மேல் நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டது. அதற்குத் தோதான வாசகம் ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் இல்லை. இந்தியா குவைத்துடன் போட்டதில் இருந்தது. இந்த ஷரத்தைப் பிடித்து அங்கிருந்து கடன் வாங்கி, 2011இல் ஜெயித்தது. அதனால் ஒரு ஒப்பந்தத்தைப் படிக்கும்போது பக்கத்தில் அந்த நாடு போட்ட மற்ற ஒப்பந்தங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் துடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள், அடிக்குறிப்பு எழுத்து ரொம்பச் சின்னது.