ஒரு மெஸ்ஸி அங்கே பிறக்க வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

பதினெட்டு வருடமாக நியூஜெர்சியில் இருக்கிறேன். என் மகளுக்குப் பதினொரு வயது, ஒரு கால்பந்து கிளப்பில் ஆடுகிறாள். மெஸ்ஸி மயாமி அணிக்கு வந்ததிலிருந்து அவள் வகுப்பில் பாதிப் பேர் அந்த இளஞ்சிவப்புச் சட்டையில்தான் திரிகிறார்கள். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மெஸ்ஸி வந்துவிட்டால் சாக்கர் (இங்கே கால்பந்தை அப்படித்தான் சொல்கிறார்கள்) எங்கேயோ உயர்ந்துவிடும் என்று அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. மைக்கேல் ஜோர்டான் இல்லாமல் கூடைப்பந்து இவ்வளவு வளர்ந்திருக்குமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

ஜோர்டான் கூடைப்பந்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் பிறப்பதற்கு முன்பே அமெரிக்காவில் பள்ளிக்குப் பள்ளி, பூங்காவுக்குப் பூங்கா கூடைப்பந்து வளையம் இருந்தது. கையில் ஒரு பந்து இருந்தால் எந்தப் பிள்ளையும் போய் ஆடலாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். அவர் அந்த வளையங்களிலிருந்து வந்தவர்.

அப்புறம், நீங்கள் எதிர்பார்க்கும் உள்ளூர் நட்சத்திரம் ஏற்கெனவே வந்தாயிற்று. பெண் என்பதால் நம் நினைவுக்கு வருவதில்லை. அமெரிக்கப் பெண்கள் அணியில் ஆடிய மியா ஹாம். சர்வதேச ஆட்டங்களில் 158 கோல். ஜோர்டானோடு சரிக்குச் சரியாக விளம்பரத்தில் நின்றவர். 1999 மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ரோஸ் பௌல் மைதானத்தில் 90,185 பேர் பார்த்தார்கள். அந்த உற்சாகத்தில் 2001-இல் பெண்களுக்கான தொழில்முறை லீக் ஒன்றைத் தொடங்கினார்கள். மியா ஹாமும் அதில் ஆடினார். 2003 செப்டம்பரில், அடுத்த உலகக் கோப்பை அமெரிக்காவிலேயே தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது, பணம் தீர்ந்து லீக்கை மூடினார்கள். நட்சத்திரமும் உலகக் கோப்பையும் இருந்தும் வாராவாரம் மைதானத்துக்கு வரும் கூட்டம் போதவில்லை.

ஆண்கள் கதையும் இதேதான். 1975-இல் பெலே நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு வந்தார். 1977 ஆகஸ்டில் ஒரு ஆட்டத்துக்கு மட்டும் 77,691 பேர். 1984 பருவத்தோடு அந்த அணி ஆடிய லீக்கே இல்லாமல் போயிற்று.

இந்த ஏக்கத்தில் எனக்குப் பெரிய வருத்தம் ஃப்ரெடி அடூவை நினைத்துத்தான். கானாவில் பிறந்து மேரிலாந்தில் வளர்ந்த பையன். பதினான்கு வயதில் வாஷிங்டன் அணியான டி.சி. யுனைடெட்டுக்கு ஒப்பந்தமாகி, 2004 ஏப்ரலில் பெரியவர்களோடு களமிறங்கினான். அதே வயதில் பெலேவோடு விளம்பரப் படம். அமெரிக்காவின் பெலே என்றே சொன்னார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன தேவை? தப்பு செய்ய இடம் வேண்டும், ஒரு மோசமான பருவத்தை யாரும் கவனிக்காமல் கடக்க வேண்டும். அவனுக்கு அது எதுவும் கிடைக்கவில்லை. போர்ச்சுகல், பிரான்ஸ், கிரீஸ், துருக்கி, பிரேசில், செர்பியா, பின்லாந்து என்று கிளப் கிளப்பாக அலைந்தார். உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஆட வாய்க்கவில்லை. திறமை இல்லாதவர் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஒரு தேசத்தின் ஆசையை ஒரு சிறுவன் தலையில் ஏற்றியது பெரியவர்கள் செய்த தவறு.

உண்மையான வளர்ச்சி சத்தமில்லாமல் நடந்தது. 2001 பருவம் முடிந்ததும் இப்போதைய ஆண்கள் லீக்கான எம்.எல்.எஸ். இரண்டு அணிகளை மூடிவிட்டுப் பத்து அணிகளோடு நின்றது. 2025-இல் முப்பது அணிகள். இடையில் பெக்காம் வந்தார், மெஸ்ஸி வந்தார், கூட்டம் சேர்த்தார்கள். ஆனால் உள்ளூரில் உலக நட்சத்திரம் என்று ஒருவர்கூட உருவாகவில்லை. கையில் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து ஆடும் பிரம்மாண்ட அரங்குகளை வாடகைக்கு எடுத்து ஓரமாக ஆடிக்கொண்டிருந்தவர்கள், 1999-இல் கொலம்பஸில் தொடங்கி, சாக்கருக்கென்றே ஊருக்கு ஊர் மைதானம் கட்டினார்கள். அட்லாண்டா அணி 2017-இல்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டே இறுதியாட்டத்துக்கு 73,019 பேர் வந்தார்கள். அன்று அவர்கள் கொண்டாடிய ஜோசஃப் மார்ட்டினெஸ் வெனிசுவேலாக்காரர், மிகேல் அல்மிரோன் பராகுவேக்காரர். அட்லாண்டாக்காரர்களுக்கு அது தங்கள் ஊர் அணி, அவ்வளவுதான்.

அமெரிக்க ஆட்டக்காரர் கிறிஸ்டியன் புலிசிக் இருக்கிறாரே என்பீர்கள். நல்ல ஆட்டக்காரர், எனக்கு மிகவும் பிடித்தவர். ஆனால் அவர் வந்த வழியைப் பாருங்கள். அப்பா, அம்மா இருவருமே கல்லூரி அணியில் ஆடியவர்கள். தாத்தா வழியில் ஐரோப்பிய ஒன்றிய நாடான குரோஷியாவின் பாஸ்போர்ட் கிடைத்ததால், பதினாறு வயதிலேயே ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்புக்குப் போய் ஆட முடிந்தது. இத்தனையும் எத்தனை பிள்ளைகளுக்கு அமையும்?

2018 செப்டம்பரில் உங்கள் மாநிலத்துக்கு வந்திருந்தேன். உறவினர் வீட்டுப் பையன் ‘டிராவல் டீமில்’, அதாவது காசு கட்டிச் சேர்ந்து வெளியூர்களுக்கும் போய் ஆடும் அணியில், ஆடினான். பச்சைக் கம்பளம்போல மைதானம், எல்லோருக்கும் ஒரே மாதிரி பை, ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டுப் பெற்றோர். கட்டணம், சீருடை, வெளியூர்ப் போட்டிக்கு விடுதி, பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகிறது என்றார் அவன் அப்பா. அன்று சாயங்காலம் நடக்கப் போனபோது, இரண்டு தெரு தள்ளி ஒரு பூங்காவில், வேலை முடித்து வந்த ஆட்கள் அழுக்கு பூட்ஸோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். பேச்செல்லாம் ஸ்பானிஷ். நடுவில் பத்து வயதிருக்கும் ஒரு பையன். காலுக்குப் பெரிய ஷூ, உள்ளே ஏதோ அடைத்திருந்தான். பந்து வருவதற்குள் தோளைத் திருப்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டான். பந்து காலில் பட்ட அதே நொடியில் இடுக்கு வழியாக அனுப்பினான். காலையில் பார்த்த பிள்ளைகளில் ஒருவர்கூட அப்படிப் பார்க்கவில்லை. எந்தக் கிளப்பில் இருக்கிறான் என்று அங்கே நின்ற ஒருவரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே, விரல்களை உரசிக் காசு என்று சைகை காட்டினார்.

இந்த மக்களுக்கு ஆட்டத்தின் மேல் ஆசை வர எந்த நட்சத்திரமும் வேண்டியதில்லை. மெக்சிகோ லீக் ஆட்டங்களை அமெரிக்காவில் உட்கார்ந்து பார்க்கும் கூட்டம் மிகப் பெரியது. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு வாசல் திறந்திருக்கிறதா என்பதுதான் என் கவலை. எம்.எல்.எஸ். கிளப்புகளின் அகாடமிகள் பலவற்றில் இப்போது கட்டணம் கிடையாது. நல்ல காரியம், ஆனால் அங்கே இருக்கும் இடங்கள் கொஞ்சம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு உங்கள் மகளின் கிளப்பில் ஏதாவது உதவி உண்டா, இந்த ஆண்டு எத்தனை பேர் அதைப் பெற்றார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். அந்த அறிவிப்பை ஸ்பானிஷிலும் ஒட்டியிருக்கிறார்களா என்பதையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்.